புதிய எம்240ஐயா, ஐந்தாண்டு ஓடிய எம்2 காம்பெட்டிஷனா?

காகிதத்தில் பார்த்தால் இந்த இரண்டு கார்களுக்கும் இடையே பத்தில் ஒரு வினாடிதான் வேறுபாடு. புதிய பிஎம்டபிள்யூ எம்240ஐ எக்ஸ்டிரைவ், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4.3 வினாடியில் எட்டுகிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பொருத்திய எம்2 காம்பெட்டிஷனுக்கு 4.2 வினாடி ஆகிறது. இரண்டும் இரு கதவுகளும் நான்கு இருக்கைகளும் கொண்டவை. இரண்டிலும் வரிசையாக அமைந்த ஆறு சிலிண்டர்கள். இரண்டின் பின்பெட்டியும் 390 லிட்டர். அப்படியிருந்தும் 2024ஆம் ஆண்டின் நடுவில், சிங்கப்பூரில் இவற்றுள் எதை வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. முதலாவது அலெக்ஸாண்டிரா சாலைக் காட்சிக்கூடத்தில் பளபளவென்று நின்ற புதிய கார். இரண்டாவது 2019 அக்டோபரில் பதிவாகி, இரண்டு உரிமையாளர்களைக் கண்டு, ஊபி வட்டாரத்து விற்பனையாளர் ஒருவரிடம் நின்ற பழைய கார்.

முதலில் இவை எந்த வகையில் உறவு என்பதைச் சொல்லிவிட வேண்டும். எம்2 காம்பெட்டிஷன் 2018இல் அறிமுகமானது; முந்தைய தலைமுறை 2 சீரிஸ் கூப்பேயின் அப்போதைய உச்சப் பதிப்பு. அதற்கு முந்தைய எம்2வில் இருந்த 370 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துவிட்டு, எம்3, எம்4 கார்களுக்காக உருவாக்கிய எஸ்55 என்னும் இரட்டை டர்போ இன்ஜினை, 410 குதிரைத்திறன் அளவுக்கு அடக்கி, இதில் பொருத்தினார்கள். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் கரிம இழைத் தாங்குசட்டமும் எம்4இலிருந்து வந்ததுதான். எம்240ஐ அடுத்த தலைமுறை உடலில் அமைந்த, 374 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிரும் கார். எனவே இது புதியதா பழையதா என்ற கேள்வி மட்டுமன்று. புதிய தலைமுறையின் இரண்டாம் நிலைக் காரா, பழைய தலைமுறையின் முதல் நிலைக் காரா என்பதே கேள்வி.

புதியதை முதலில் ஓட்டினேன். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறிய சில நொடிகளிலேயே, இந்தக் கார் எந்தப் பிழையும் செய்யாது என்பது புரிந்துவிடுகிறது. 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,900 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸ் கியரைக் குறைக்க வேண்டிய தேவையே அரிதாக எழுகிறது. மழை பெய்து ஈரமாகிக் கிடந்த இணைப்புச் சாலையில் வேண்டுமென்றே முழுவதும் அழுத்திப் பார்த்தேன். சக்கரம் எதுவும் வழுக்கவில்லை, கார் முன்னே பாய்ந்தது, அவ்வளவுதான். நான் ஓட்டிய காரில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் இருந்தது. அதை மென்மையான நிலையில் வைத்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடங்களின் வேகத்தடைகளை அது சாதாரண செடான் காரைப் போலவே ஏறி இறங்குகிறது. உடன் வந்த என் மனைவி ஐந்தே நிமிடங்களில் கைபேசியில் ஆழ்ந்துவிட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விரைவுக் கார் ஒன்றில் பக்கத்து இருக்கைக்காரர் அப்படி இருக்க முடிவது பெரிய சாதனை.

ஆனால் சவுத் போனவிஸ்தா சாலையின் வளைவுகளில்தான் எனக்கு ஐயம் தொடங்கியது. மூத்தவர்கள் 'தொண்ணூற்றொன்பது வளைவு' என்று அழைக்கும் அந்தச் சரிவில் அனுமதிக்கப்பட்ட வேகத்திற்குள் ஓட்டும்போது, எம்240ஐயின் ஸ்டீரிங் துல்லியமாகத் திரும்பியது. ஆனால் சாலை எப்படி இருக்கிறது என்பதைக் கைகளுக்குச் சொல்லவில்லை. வளைவுக்கு வளைவு 1,690 கிலோ எடையும் தெரிந்தது. கார் திரும்புவதில் குறையில்லை. திருப்பியது நான் என்ற உணர்வுதான் குறைவாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே சாலையில் எம்2வை ஓட்ட வாய்த்தது. கதவை மூடி இன்ஜினை முடுக்கியதும் வரும் முரட்டு இருமல், விற்பனையாளரின் கட்டடத்தின் நான்காவது மாடியிலிருந்து சறுக்குப்பாதை வழியே இறங்குவதற்குள் என் மனைவியின் முகத்தைச் சுருங்க வைத்துவிட்டது. சஸ்பென்ஷனுக்கு ஒரே நிலைதான். மென்மை என்ற தெரிவே இல்லை. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் நெரிசலில் ஊரும்போது, சரிவில் முதன்முறை கால்வைக்கும் புதிய ஓட்டுநரைப் போலத் தயங்கித் தயங்கி இழுக்கிறது. ஆனால் அந்தச் சரிவின் முதல் வளைவில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பிய கணத்தில், முன்சக்கரங்கள் பிடித்த பிடி உள்ளங்கையில் தெரிந்தது. பின்சக்கரங்களுக்கு இடையே ஆற்றலைப் பங்கிடும், மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல், வளைவிலிருந்து வெளியேறும்போது காரின் பின்பகுதியை மெல்லத் தள்ளிவிடுவதை இடுப்பு உணர்ந்தது. எம்240ஐயைவிட ஏறத்தாழ 115 கிலோ எடை குறைவு என்பதை அங்கே எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'சிங்கப்பூரில் எங்கே போய் ஓட்டப்போகிறாய்?' என்ற கேள்வியை இத்தகைய கார் வாங்கும் ஒவ்வொருவரும் மாமனாரிடமிருந்தோ மச்சானிடமிருந்தோ கேட்டாக வேண்டும். நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலை இன்று ஒருவழிப் பாதை. ஓரத்தில் குரங்குகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. ஆகவே 410 குதிரைத்திறன் வீண் என்ற வாதம் முழு உண்மை. ஆனால் அதே வாதப்படி 374 குதிரைத்திறனும் வீண்தான். இந்தத் தீவில் ஒரு விரைவுக் காரிடமிருந்து நாம் உண்மையில் பெறக்கூடியது மிதமான வேகத்தில் அது தரும் தொடுவுணர்வு மட்டுமே. அதில் பழைய கார் வென்றது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எஞ்சியிருந்தது பணக் கணக்கு.

பிற நாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் உரிமையாளர் பெரும் தேய்மானத்தைச் சுமந்துவிட்டார், ஆகவே இரண்டாவதாக வாங்குபவருக்கு இலாபம் என்பது அங்கெல்லாம் பொருந்தும் நியதி. இங்கே காருக்கு விலை கொடுக்கும்போது, அதைச் சாலையில் ஓட்டும் பத்தாண்டு உரிமைக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். அந்த உரிமையைத் தருவது ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ். 2019, 2020ஆம் ஆண்டுகளில் பி பிரிவுச் சான்றிதழ் (ஆற்றல் மிக்க கார்களுக்கானது) பல ஏலச் சுற்றுகளில் 30,000 முதல் 40,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) போனது. 2023 அக்டோபரில் அது 150,001 வெள்ளி வரை ஏறியது. நான் அலைந்துகொண்டிருந்த 2024 நடுவிலும் ஒரு இலட்சத்தைத் தாண்டியே நின்றது. 'பழைய காரின் சான்றிதழ் மலிவாக எடுத்தது, அதனால் கார் மலிவு' என்று விற்பனையாளர் ஒருவர் என்னிடம் கண் சிமிட்டாமல் சொன்னார். அந்த மலிவின் பயனை அனுபவித்தவர் முதல் உரிமையாளர்தான். இன்றைய சான்றிதழ் விலை எதுவோ அதற்கேற்ப எஞ்சிய ஆண்டுகளின் விலையும் ஏறிவிடுகிறது.

நான் பார்த்த விலைகளை, கணக்கு எளிதாக விளங்குவதற்காக, முழு எண்களாக்கித் தருகிறேன். இரண்டு கார்களின் திறந்த சந்தை மதிப்பும் (இறக்குமதியின்போது சுங்கத்துறை கணிக்கும் விலை) 60,000 வெள்ளி என வைத்துக்கொள்வோம். 2019இல் இருந்த விகிதப்படி, காரைப் பதியும்போது கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம், அந்த மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடு, அடுத்த 30,000க்கு 140 விழுக்காடு, அதற்கு மேல் 180 விழுக்காடு. மொத்தம் 80,000 வெள்ளி. 2023 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, அதே மதிப்புள்ள புதிய காருக்கு 86,000 வெள்ளி. 2024 நடுவில் இருந்த விதிப்படி, பத்தாண்டு முடிவில் பதிவை நீக்கும்போது அதில் பாதி திரும்பக் கிடைக்கும்: பழைய காருக்கு 40,000, புதியதற்கு 43,000. பழைய காரின் விலை 200,000 வெள்ளி, எஞ்சிய ஆயுள் ஐந்தாண்டு என்றால், ஆண்டுக்கு 32,000 வெள்ளி கரைகிறது. புதிய காரின் விலை 363,000 வெள்ளி, ஆயுள் பத்தாண்டு என்றால், அதுவும் ஆண்டுக்கு 32,000 வெள்ளிதான். நான் கண்ட விலைகள் இந்த ஒப்புமையிலிருந்து ஓரிரு ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலகியதில்லை. சந்தை முட்டாள் இல்லை என்பதை ஒரு தாளும் பேனாவும் எனக்குக் கற்றுக்கொடுத்தன. இந்த ஊரில் பழைய விரைவுக் கார் என்பது மலிவான கார் இல்லை. குறைந்த காலத்திற்கு வாங்கிய கார், அவ்வளவே.

ஆண்டுத் தேய்மானம் ஒன்றாக இருந்தாலும் பணம் புழங்கும் விதம் ஒன்றாக இருப்பதில்லை. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டும் கார்களுக்கு, விலையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தர சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி இடம் கொடுப்பதில்லை. புதிய காருக்குக் கையிலிருந்து ஏறத்தாழ 145,000 வெள்ளி முதலில் போகும், பழையதற்கு 80,000. ஆனால் புதிய காரின் கடனை ஏழு ஆண்டுகளுக்கு நீட்டலாம். பழைய காரின் கடன் அதன் சான்றிதழ் முடிவதற்குள் தீர்ந்தாக வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, காரின் காகித மதிப்பு. பதிவை நீக்கினால், எஞ்சிய மாதங்களுக்கு ஏற்பச் சான்றிதழ்த் தொகையின் ஒரு பகுதி திரும்பி வரும். அது அன்று ஏலத்தில் கட்டிய தொகையை அடிப்படையாகக் கொண்டது. 35,000 வெள்ளிக்குச் சான்றிதழ் எடுத்த கார், பாதி ஆயுளில் அந்த வகையில் 17,500 வெள்ளியைத் தாங்கி நிற்கிறது. ஒரு இலட்சத்துக்கு எடுத்த கார் அதே வயதில் 50,000 வெள்ளியைத் தாங்கி நிற்கும். சான்றிதழ் விலை திடீரென்று சரிந்தால், பழைய காருக்கு நான் கொடுக்கும் கூடுதல் பணத்தைப் பிடித்து நிறுத்த அடியில் தரை இல்லை. இது பழைய காரின் உண்மையான ஆபத்து. இன்ஜின் பழுதைவிட இதற்கே நான் அதிகம் அஞ்சினேன். இதற்கு எதிர்த்தட்டில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு. பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் தொகைக்கு 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பு 2023 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் பதிவான கார்களை அது கட்டுப்படுத்துவதில்லை. எம்2 போன்ற காருக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. இதைவிட விலையுயர்ந்த பழைய கார்களைத் தேடுவோர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

சாலை வரியைப் பற்றி ஒரு வரி போதும். கொள்ளளவு 2,998, 2,979 சிசி என்று ஒட்டி நிற்பதால், ஆண்டுக்கு 2,380, 2,360 வெள்ளி என்ற அளவில்தான் வரியும் ஒட்டி நிற்கிறது. காப்பீட்டில் அப்படியில்லை. எம்2 என்ற பெயரைக் கேட்டதும் இரண்டு நிறுவனங்கள் கட்டணத்தைக்கூடச் சொல்லாமல் மறுத்துவிட்டன.

இனி, பழைய காரைத் தேடிய கதை. நான் முதலில் பார்த்த எம்2, வெளித்தோற்றத்தில் குறையற்றதாக இருந்தது. பின்சக்கரத்திற்கு மேலுள்ள தகட்டின் வண்ணம் மாலை வெயிலில் ஒரு பிடி மங்கலாகத் தெரிந்ததால் கேட்டேன். "அது நிழல், சார்" என்று பதில் வந்தது. சுயேச்சையான பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அந்தப் பகுதி வெட்டி ஒட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. இரண்டாவது காரின் இன்ஜின் கணினி திறக்கப்பட்டு, ஆற்றல் கூட்டப்பட்டு, விற்பனைக்காக மீண்டும் பழைய நிலைக்கு மாற்றப்பட்டிருந்தது. எஸ்55 இன்ஜினில் இது சிறு செய்தி இல்லை. அதன் கிராங்க் தண்டின் முனையிலுள்ள பல்சக்கரம் சாவிப் பள்ளத்தால் பூட்டப்படாமல், ஒரே போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அது நழுவினால் வால்வுகள் திறந்து மூடும் நேரம் பிசகி, இன்ஜினே பாழாகலாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் ஆற்றல் கூட்டிய கார்களில்தான் பேசப்படுகிறது என்பதால், கூட்டிவிட்டுக் குறைத்த காரை நான் தொடவில்லை. மூன்றாவது கார்தான் இப்போது என்னிடம் இருக்கிறது: மாற்றம் செய்யாத புகைக்குழாய், தொடக்கம் முதல் இடைவெளியின்றிப் பராமரிப்புப் பதிவேடு, ஒரே நிறுவனத்தின் நான்கு டயர்கள். பதிவேட்டை விற்பவர் தயங்காமல் நீட்டுகிறாரா என்பதே இத்தகைய காருக்கு முதல் பரிசோதனை என்று இப்போது நினைக்கிறேன்.

ஆம், பழையதைத்தான் வாங்கினேன். தொடுவுணர்வு மட்டும் என்னை அந்தப் பக்கம் சாய்க்கவில்லை. என் மகள் அப்போது தொடக்கநிலை ஐந்தில் இருந்தாள். இரண்டு கார்களின் பின்னிருக்கையும் அவள் உயரத்திற்குச் சரியாக இருந்தன. உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இரண்டுமே போதாது. பத்தாண்டு உரிமையுள்ள இரு கதவுக் காருக்கு, அதன் இரண்டாம் பாதியில் எங்கள் வீட்டில் வேலை இருக்காது. வயதான பெற்றோரை வாரந்தோறும் தேக்கா சந்தைக்கு அழைத்துச் செல்பவருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். என் அம்மா இந்தக் காரில் ஏறுவதற்கு ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடிக்கிறார்; இறங்குவதற்கு முருகனையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். அவர் எங்களுடன் ஒரே வீட்டில் இருந்திருந்தால் நான் எம்240ஐயையும் வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்றாட வாழ்வில் எம்2 காட்டும் முரட்டுத்தனம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வேகத்தடைகளைக் கோணமாக ஏறப் பழகிவிட்டேன். காலை ஆறரை மணிக்குப் பலமாடி நிறுத்துமிடத்தில் இன்ஜினை முடுக்கும்போது, பக்கத்துப் புளோக்கின் தாழ்ந்த மாடிகளில் வசிப்போரை நினைத்துக் கொஞ்சம் கூசுகிறது. 98 ஆக்டேன் பெட்ரோலை அது குடிக்கும் வேகத்தைப் பற்றி எழுதி என் மனைவிக்கு ஆதாரம் தர விரும்பவில்லை. கியர்பாக்ஸின் நெரிசல் தயக்கம், மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தபோது உண்மையான சோதனையாக மாறியது. அந்த ஒரு நாளில் மட்டும் எட்டு வேகத் தானியங்கியை நினைத்து ஏங்கினேன்.

அதே பயணத்தில் பாலத்தைக் கடந்து, மணிக்கு 110 கிலோமீட்டர் அனுமதியுள்ள மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியபோது வேறொன்றையும் உணர்ந்தேன். நீண்ட நேர்ச்சாலையில் எம்2 சிறந்த கார் இல்லை. டயர் இரைச்சல் ஓயவே இல்லை. ஈப்போ போய்ச் சேர்வதற்குள் மகளுக்குத் தலைவலி வந்துவிட்டது. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊர் ஊராகப் போவதுதான் ஒருவரின் முதன்மைப் பயன்பாடு என்றால், எம்240ஐ எல்லா வகையிலும் மேலானது; இதில் நான் விட்டுக்கொடுத்தது அதிகம். செப்பாங் பந்தயத் தடத்தின் 5.543 கிலோமீட்டரில் ஒரு காலைப்பொழுது ஓட்டியபோதுதான் கணக்கு மீண்டும் என் பக்கம் திரும்பியது. 7,000 சுழற்சியைத் தாண்டியும் இன்ஜின் மூச்சுத் திணறாமல் ஏறுவதையும், பிரேக் மிதியின் உறுதி பத்துச் சுற்றுக்குப் பின்னும் தளராததையும் அங்கே கண்டேன். அந்தக் காலைக்குக் காப்பீடு கிடையாது என்பதால் பாதிச் சுற்றுகளைப் பல்லைக் கடித்தபடிதான் ஓட்டினேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஓராண்டில் செய்த செலவு: பின் டயர்கள் இரண்டு, முன் பிரேக் பட்டைகள், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றம், பேட்டரி. இவற்றுள் எதுவும் புதிய காரில் முதல் ஆண்டில் என் கையிலிருந்து போயிருக்காது. கிராங்க் பல்சக்கரத்தைப் பூட்டும் வேலையை முன்கூட்டியே செய்துவிடலாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். ஆற்றலைக் கூட்டாதவரை இன்ஜினின் முன்பக்கத்தைத் திறக்க வேண்டாம் என்றார். செய்தால் அவருக்குத்தான் வருமானம் என்பதால் அந்தப் பதிலை நம்பினேன்.

சான்றிதழ் 2029 அக்டோபரில் முடிகிறது. அப்போது நடப்பில் இருக்கும் மூன்று மாதச் சராசரி ஏல விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பித்தால் பதிவுக் கட்டணத்தில் திரும்ப வர வேண்டிய பாதித் தொகையை இழக்க வேண்டும். "அப்படியே வைத்துக்கொள்ளலாமே, அப்பா" என்று இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் மகள் கேட்கிறாள். அவளுடைய முழங்கால் ஏற்கெனவே என் இருக்கையின் முதுகைத் தொடத் தொடங்கிவிட்டது.